அந்த இசிஜியும் இந்த இசிஜியும்: இதயநோய் மருத்துவர்களுக்கு ஒரு டெக்னீஷியனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதயநோய் மருத்துவர்களுக்கும், இசிஜி அறைகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் இசிஜி எடுப்பவன். 22 வருடமாக இதுதான் வேலை. நீங்கள் தாளைப் பார்க்கிறீர்கள். தாள் வெளியே வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பார்ப்பவன் நான். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு இசிஜி ஒரு தடவையோடு முடிவதில்லை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்பவர் என்று எல்லோரும் கையில் ஒரு ஃபைலோடுதான் வருகிறார்கள். புதுத் தாளைப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நீங்களும் படிக்கிறீர்கள். "பழைய இசிஜி இருக்கா?" என்பதுதான் உங்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி. நல்ல கேள்வி. "ரெண்டும் ஒரே மாதிரி எடுத்ததுதானா?" என்று அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். 60 வயதைத் தாண்டிய ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர், தோள்பட்டை வலி என்று விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தார். அப்போது எடுத்த இசிஜியில் புதிதாக ஒன்றுமில்லை. ஏழரை மணிக்கு ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்தவர் மறுபடி எடுத்தார். இந்தத் தடவை, மார்பில் ஒட்டும் ஆறு எலெக்ட்ரோடுகளில் முதல் இரண்டான வி1, வி2 இரண்டிலும், துடிப்பின் நடுவில் மேல்நோக்கி எழும் ஆர் அலை இருந்த இடம் தெரியவில்லை. வி2வில், துடிப்பின் கடைசியில் வரும் டி அலை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. முன்சுவரில் மாரடைப்பாக இருக்கலாம், எப்போது வந்தது என்று தெரியவில்லை என்று இயந்திரம் தன் பங்குக்குத் தாளின் தலையில் அச்சடித்திருந்தது. பார்த்த இளம் டாக்டரின் முகம் மாறிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் ஐசியூவில் படுக்கை தயாரானது. நோயாளியின் மகள் வராந்தாவில் நின்று யாருக்கோ ஃபோனில் அழுதுகொண்டிருந்தார்.

நான் எட்டு மணி டியூட்டி. தாளை என் கையில் கொடுத்து இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். வி2வில், துடிப்பின் தொடக்கத்தில் வரும் சின்ன பி அலை பாதி மேலே, பாதி கீழே என்று இருந்தது எனக்கு உறுத்தியது. மார்பு எலெக்ட்ரோடு மேலே ஏறிவிட்டால் பி அலை இப்படித்தான் இருக்கும். அவர் சட்டையை விலக்கினேன். சக்‌ஷன் பல்பு (தோலைக் கவ்விப் பிடிக்கும் எலெக்ட்ரோடு) விட்டுப்போன சிவந்த வட்டங்கள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. ஐந்து மணி வட்டம் மங்கியிருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே ஏழரை மணி வட்டம் பளிச்சென்று இருந்தது. விலா எலும்பை எண்ணி, சரியான இடத்தில் பல்பை வைத்து எடுத்தேன். விடியற்காலைத் தாள் அப்படியே திரும்பி வந்தது. மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனினும் இரண்டு தடவையும் நார்மல். மகளிடம் யார் போய்ச் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழரை மணிக்கு எடுத்தவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் எனக்குப் பின்னால் வந்து யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

வி1 எங்கே என்று கேட்டால் எங்களில் யாரும் தூக்கத்தில்கூடச் சொல்வோம்: நெஞ்செலும்பின் வலது ஓரம், நான்காவது விலா இடைவெளி. அதை எண்ணி ஒட்டுகிறோமா என்பதுதான் விஷயம். அவசரத்தில் கண்ணளவுதான். கண்ணளவு பெரும்பாலும் மேலேதான் போகும். எண்ணுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கழுத்துக்குக் கீழே உள்ள குழியில் விரலை வைத்து, எலும்பை ஒட்டியே கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியதும் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். லூயி கோணம் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டாவது விலா எலும்பு. அதற்கு அடியில் உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு பள்ளம் இறங்கினால் வி1, வி2வுக்கான இடம். பழகிய கைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. வி4ஐ ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வைத்துவிட்டு, வி5, வி6 இரண்டையும் அதே மட்டத்தில் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். அக்குள் பக்கம் போகப்போக விலா எலும்பு வளைகிற வளைவைப் பின்தொடர்ந்து வி6 மேலே ஏறுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் மேலே கீழே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. தெருமுனையில் நின்று ஒரு வீட்டைப் பார்ப்பவன் ஓரடி நகர்ந்தால் ஒன்றும் மாறாது. வாசற்படியில் நிற்பவன் ஓரடி நகர்ந்தால் உள்ளே தெரிகிற அறையே வேறு. லீடு என்பது எலெக்ட்ரோடு வழியே இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம். கை கால் லீடுகள் தெருமுனை ஆட்கள். மணிக்கட்டில் ஒட்டினாலும் கொஞ்சம் மேலே முன்கையில் ஒட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. மார்பு லீடுகள் இதயத்தின் வாசற்படியிலேயே நிற்கின்றன. 2 சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே, முக்கியமாக முன்சுவர் மாரடைப்பு விஷயத்தில், நோயைத் தப்பாகச் சொல்ல நேரலாம் என்று அமெரிக்க இதயச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் 2007ல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த ஆறு இடங்களையும் 1938ல் அமெரிக்கச் சங்கமும் பிரிட்டிஷ் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ததே, ஓர் இடத்தில் எடுத்ததை இன்னோர் இடத்தில் எடுத்ததோடு ஒப்பிட முடியவேண்டும் என்பதற்காகத்தான்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். நான்கு பேர் போய் வருகிற அறையில், திரைச்சீலைகூட இல்லாமல், ஒரு பெண்ணை மேலாடையை விலக்கச் சொன்னால் அவர் கூசுவார். எடுப்பவருக்கும் கூச்சம். எட்டிய இடத்தில் ஒட்டி, எப்படியோ ஒரு தாளை எடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு 'எட்டிய இடத்தில்' ஒட்டுவார். பிறகு அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வி3 ஏன் மாறியிருக்கிறது என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள். நிர்வாகிகளே, கோடிக்கணக்கில் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். இசிஜி அறைக்கு ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் டெக்னீஷியனும் வேண்டும் என்று கேட்டால் ஏன் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறீர்கள்?

கை கால் வயர் மாறிப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் லீட் 1, 2, 3, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்று வருபவைதான் கை கால் லீடுகள். வலது கையும் இடது கையும் மாறினால் பயமில்லை. லீட் 1 தலைகீழாகி, ஏவிஆர் நிமிர்ந்து, தாளே காட்டிக்கொடுத்துவிடும். வலது கையும் வலது காலும் மாறினால் லீட் 2 கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும், அதையும் பிடித்துவிடலாம். இடது கையும் இடது காலும் மாறுவதுதான் கள்ளத்தனமானது. லீட் 1ம் 2ம் இடம் மாறும், லீட் 3 கவிழும், ஏவிஎல் இருந்த இடத்தில் ஏவிஎஃப் வந்து உட்காரும். தாள் பார்க்க நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். கீழ்ச்சுவரில் இல்லாத மாரடைப்பு இருப்பது போலவோ, இருந்தது மறைந்தது போலவோ தெரியும். பழைய தாள் பக்கத்தில் இல்லையென்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் மானிட்டரில் இருப்பவர்களுக்கும் கை கால் எலெக்ட்ரோடைத் தோளிலும் வயிற்றிலும் ஒட்டுவது வழக்கம். ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் ட்ரெட்மில் டெஸ்டிலும் (டிஎம்டி) அப்படித்தான். 1966ல் மேசன், லைகர் என்ற இருவர் சொன்ன முறை அது. ஓடும்போது வயர் ஆடாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் உடம்பில் ஒட்டி எடுத்த தாளில் இதய அச்சு, அதாவது இதயத்தின் மின்னோட்டத் திசை, வலப்பக்கம் சாயும். கீழ்ச்சுவரில் பழைய மாரடைப்பு விட்டுப்போன க்யூ அலை காணாமலே போகலாம். அதனால் டிஎம்டி தொடங்குமுன் எடுக்கும் தாளை, படுக்கவைத்து மணிக்கட்டில் வயர் மாட்டி எடுத்த தாளோடு தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். பழைய க்யூ அலை மறைந்துவிட்டது என்று ஒரு நோயாளியிடம் வாழ்த்துச் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் ஃபில்டர். தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு எண் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கோடு மேலும் கீழும் அலையாமல் அழகாக வரட்டும் என்று கீழ் எல்லையை 0.05 ஹெர்ட்ஸிலிருந்து 0.5க்கு ஏற்றிவிட்டால், சில இயந்திரங்களில், டி அலைக்குச் சற்று முன் வரும் எஸ்டி பகுதியே வளைந்துவிடும். மேல் எல்லையை 150லிருந்து 40க்கு இறக்கினால் நடுக்கக் கோடுகள் போய்விடும், கூடவே ஆர் அலையின் உச்சியும் சின்னச் சின்ன வெட்டுகளும் போய்விடும். சுத்தமாக இருக்கிறதே என்று எங்களைப் பாராட்டுவீர்கள். போன மாதத் தாள் 150ல் எடுத்ததா, 40ல் எடுத்ததா என்று பார்த்துவிட்டுப் பாராட்டினால் நன்றாக இருக்கும். அலை பெரிதாக இருந்து ஒன்றோடொன்று மோதினால் 1 மில்லிவோல்டுக்கு 10 மில்லிமீட்டர் என்பதை 5 ஆக்கி எடுப்பதும் உண்டு. அந்தத் தாளில் எல்லாமே பாதி உயரம்தான். 2 மில்லிமீட்டர் எஸ்டி ஏற்றம் 1 ஆகத் தெரியும்.

இந்த ஒரு மில்லிமீட்டருக்கு உங்கள் துறையில் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். 2018ல் வந்த மாரடைப்பு வரையறைப்படி, அடுத்தடுத்த இரண்டு லீடில் 1 மில்லிமீட்டர் எஸ்டி ஏற்றம் இருக்க வேண்டும். வி2, வி3ல் மட்டும் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆணுக்கு 2, அதற்குக் கீழே 2.5, பெண்ணுக்கு 1.5. அரை மில்லிமீட்டர் என்பது தாளில் அரைக் கட்டம். எண்ணாமல் ஒட்டிய எலெக்ட்ரோடு, நிமிர்த்தி வைத்த கட்டில், மாற்றிவிட்ட ஃபில்டர், இதில் ஏதாவது ஒன்று போதும், அந்த அரைக் கட்டத்தைத் தின்றுவிட.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டு தாள் அச்சு அசலாக ஒன்றாக வராது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். மூச்சு இழுத்தால் ஓர் உயரம், விட்டால் ஓர் உயரம். மூச்சுத்திணறலால் படுக்க முடியாதவரை உட்காரவைத்து எடுத்த தாள் ஒரு மாதிரி, நீர் வடிந்து மூன்றாம் நாள் அவரைப் படுக்கவைத்து எடுத்த தாள் வேறு மாதிரி. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு டி அலை தட்டையாகலாம். நாடித்துடிப்பு 60ல் இருந்து 100க்குப் போனால் க்யூடி நேரம் (க்யூ அலையிலிருந்து டி அலை முடியும் வரை உள்ள நேரம்) மாறும். அதைத் துடிப்புக்கு ஏற்பத் திருத்த 1920லிருந்து நாம் போட்டுவரும் பாசெட் கணக்கு வேகமான துடிப்பில் அதை நீட்டித்தான் காட்டும். அதனால் ஆர் அலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிக் குறைந்ததற்கெல்லாம் அர்த்தம் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அர்த்தம் சொல்வது உங்கள் வேலை, நான் எல்லை மீறவில்லை.

டிஎம்டியில் இன்னொன்று. போன வருடம் ஆறு நிமிடத்தில் எஸ்டி இறங்கியது (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி), இந்த வருடம் எட்டு நிமிடம் தாங்கினார், ஆகவே அடைப்பு குறைந்திருக்கிறது என்று முடிவுக்கு வருகிறோம். இரண்டாவது தடவை ஏறுபவருக்குக் கம்பியைப் பிடிக்காமல் நடக்கத் தெரியும், பயம் போயிருக்கும். காலையில் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டாரா, விட்டாரா என்பதும் இருக்கிறது. நிமிடத்தைவிட, எஸ்டி இறங்கிய கணத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எவ்வளவு இருந்தன என்று பெருக்கிப் பார்ப்பது நம்பகமானது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களைப் போன்ற ஒரு டாக்டர்தான். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு முதலிடம் கொடுங்கள். ஹோல்டர் (நாள் முழுக்க இசிஜி பதியும் சின்னக் கருவி) மாட்டி அனுப்புகிறவர்களின் கதையும் இதேதான். ஒரே ஆளுக்கு, மருந்தில் எந்த மாற்றமும் இல்லாமல், எஸ்டி இறங்கும் தடவைகள் ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இருக்காது. ஒரு நாள் ஆறு, ஒரு மாதம் கழித்து இரண்டு என்று வந்தால் உடனே மருந்துக்கு மாலை போட வேண்டாம்.

சரி, இவ்வளவையும் படித்துவிட்டு, மாற்றம் தெரிந்தால் எல்லாம் டெக்னீஷியன் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுதான் எனக்கு உண்மையான பயம். 1982ல் வெலன்ஸ் என்ற இதயநோய் மருத்துவரும் அவரது குழுவினரும் எழுதியது உங்களுக்கு நன்றாகத் தெரியும். வலி நின்று நோயாளி நிம்மதியாக இருக்கும்போதுதான் வி2, வி3ல் டி அலை கவிழும். உள்ளே முன்பக்க ரத்தக்குழாயின் மேல்பகுதி அடைபடும் தறுவாயில் இருக்கும். அந்தத் தாளைப் பார்த்து "லீடை மேலே வெச்சிருப்பான்" என்று தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அதேபோல், மாரடைப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் கவிழ்ந்தே கிடந்த டி அலை, புதிதாக வலி வரும்போது நிமிர்ந்து நின்று நல்ல பேர் வாங்கும். பார்த்தால் நார்மல், உண்மையில் ஆபத்து. எடுத்த இடத்தின் மேல் நம்பிக்கை இருந்தால்தான் இந்த மாற்றங்களை நம்ப முடியும். வலியோடு வந்தவருக்கு எஸ்டி தெளிவாகத் தூக்கியிருந்தால், விலா எலும்பை எண்ணினாயா என்று என்னைக் கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம். சிகிச்சையைத் தொடங்குங்கள்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் இசிஜி, அதில் தெளிவில்லாமல் வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒன்று என்பது விதி. விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுகிறோம். நான்கு தாள், நான்கு இடம். தயவுசெய்து அந்த ஒரு மணி நேரத்துக்காவது ஸ்டிக்கரை உடம்பிலேயே விடச் சொல்லி உத்தரவு போடுங்கள். வயரை மட்டும் கழற்றி மாட்டினால் போதும். சக்‌ஷன் பல்பு மட்டும்தான் இருக்கிறதென்றால், தோலில் எழுதும் பேனாவால் ஆறு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வார்டில் இருக்கிற வரைக்கும் அந்தப் புள்ளிகளை அழிக்க வேண்டாம் என்று நோயாளியிடமும் சொல்லிவிடலாம். பல்பு வைக்கும்போது ஜெல்லை மார்பு முழுக்கச் சந்தனம் மாதிரி பூசிவிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஜெல் ஒன்றோடொன்று கலந்தால் பக்கத்து லீடுகள் எல்லாம் ஒரே மாதிரி வரும்.

தாளில் எழுத இடம் இருக்கிறது. அதில் நாங்கள் எழுதுவது பெயரும் வயதும் மட்டும்தான். எடுக்கும்போது வலி இருந்ததா, தலைப்பக்கம் எவ்வளவு உயர்த்தியிருந்தது, கை கால் எலெக்ட்ரோடு எங்கே, வழக்கமான இடத்தில் ஒட்ட முடியாத லீடு எது, இதையும் எழுதச் சொல்லுங்கள். காயம், கட்டு, அறுவை தையல் இருந்தால் இடம் மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாற்றினால் மாற்றினோம் என்று எழுதிவிட்டால் போதும். என் கணக்கில் அரை நிமிட வேலை. ஆனால் வெளியே இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கும்போது, அந்த அரை நிமிடம் எங்கள் கையில் இல்லை.

கடைசியாக அந்தத் தாளைப் பற்றி. இயந்திரத்திலிருந்து வருவது வெப்பத்தில் அச்சாகும் தாள். இரண்டு மூன்று வருடத்தில் மங்கிவிடும். போன வாரம் ஓர் அம்மா, தன் கணவருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது எடுத்த இசிஜியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். லேமினேட் செய்கிற சூட்டில் தாள் முழுக்கக் கருத்துப்போயிருந்தது. கறுப்புப் பலகை மாதிரி இருந்த அதை டாக்டரிடம் நீட்டி, "இதுதாங்க பழைய இசிஜி" என்றார். டாக்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது அசலோடு ஒரு ஜெராக்ஸும் கொடுத்து, மருத்துவமனைக் கணினியிலும் ஒரு பிரதியை வைத்திருந்தால் அந்த அம்மா கறுப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வி2 மாறியிருக்கிறதே என்று தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள், டாக்டர். மறுபடி எண்ணி ஒட்டி எடுத்துத் தருகிறேன். நேரம் இருந்தால் நீங்களும் ஒரு நிமிடம் கட்டில் பக்கத்தில் வந்து நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் இசிஜி டெக்னீஷியன்